கிராம்புத் தீவு

நெய்ச்சோற்றில் நாம் இடும் கிராம்பின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் உலகிற்கு அளித்தது ஸான்ஸிபார் தீவு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம், இன்றைய தான்சானியாவைச் சேர்ந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பள்ளிவாசல்களும் சித்திர வேலைப்பாடு மிக்க மரக்கதவுகளும் நிறைந்த அதன் பழைய நகரம், 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரின் செல்வம் எவருடைய உழைப்பால் வந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராம்புக் கன்றுகள் இத்தீவை அடைந்தன. தம் தலைநகரை மஸ்கட்டிலிருந்து இங்கு மாற்றிய ஓமான் சுல்தான் ஸெய்யித் ஸயீத், தோட்டங்களைப் பெருக்கினார். கிராம்பு மரம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுக்க வேண்டும். பின்னர் மொட்டு மலருமுன் கையால் பறித்து, காம்பு நீக்கி, பாயில் பரப்பி உலர்த்த வேண்டும். இத்தனைக்கும் தேவைப்பட்ட கைகளை நியாஸா ஏரி முதலிய உட்பகுதிகளிலிருந்து பிடித்து வந்து விற்றனர். தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் நாட்டுக் கட்ச் வணிகர்களும் முக்கியமானவர்கள்.

அடிமைகளுக்கு மரவள்ளி பயிரிடச் சிறு நிலமும், பொதுவாக வியாழன், வெள்ளி ஆகிய இரு நாட்களும் விடப்பட்டன. இதனைக் கருணை என்பாருண்டு. கணக்குப் பார்த்தால், அடிமையின் உணவுச் செலவும் அவன் தலையிலேயே விழுந்தது என்பதே உண்மை.

பிரிட்டிஷாரின் நெருக்குதலால் 1873இல் சுல்தான் பர்கஷ் அடிமைச் சந்தையை மூடினார். அவ்விடத்தில் இன்று ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. ஆனால் சந்தை மூடிய பின்னரும் தோட்டங்களில் அடிமை முறை நீடித்தது. 1897இல்தான் அதனை ஒழிக்கும் ஆணை வந்தது. அப்போதும் நஷ்டஈடு எஜமானர்களுக்கே கிடைத்தது, உழைத்தவனுக்கு நிலமில்லை. விடுதலை பெற்றோர் பலர் அதே தோட்டங்களை அண்டியே வாழ நேர்ந்தது.

அடிமைகளை விடுவிப்பதற்கென ஜகாத்தில் ஒரு பங்கை ஒதுக்கியது திருக்குர்ஆன். அதனை ஓதிய நாவுகளே இத்தீவில் மனிதனுக்கு விலையும் பேசின. மார்க்கம் விடுதலைக்கு வழி காட்டியது. இலாபம் அவ்வழியை அடைத்தது.

அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களின் கொடுமையை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். ஸான்ஸிபாரின் வரலாற்றையும் அவர்களுக்கு மறைக்காமல் சொல்வோம். நீதிக்குச் சாட்சி சொல்லும்போது நம்மவர், பிறர் என்ற பேதம் பாராட்டுவது முஸ்லிமுக்கு அழகல்ல.