இனிஷியல்

எங்கள் சித்தூர், வேலூர் பக்கத்தில் வாய்த்தகராறு முற்றினால், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு" என்பார்கள். அங்குள்ள கோயில் குளத்தில் முழுகி, வரசித்தி விநாயகர் முன் நின்று சொல்லிவிட்டால் அதற்குமேல் சாட்சி கேட்பதில்லை. திருநங்கைகளுக்கு அடையாளச் சான்றிதழ் மனு எழுதிக்கொடுக்கிறவன் நான். 2020-ல் அதற்கென வந்த மத்திய விதிகளைப் படித்தபோது இந்த வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. மருத்துவப் பரிசோதனை வேண்டாம், தன்னைப் பற்றித் தானே பிரமாணப் பத்திரம் கொடுத்தால், மாவட்ட ஆட்சியர் 30 நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்றன அவை.

எழுத உட்கார்ந்தால் முதல் சிக்கல் பெயர். சித்தூர் ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டு, வேலூர்ப் பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. அதனால் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்ட பிறகே பேனா எடுப்பேன். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் திருநங்கைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் பென்ஷன். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அலைச்சல் மனுக் கொடுப்பவளுக்குத்தான்.

அப்புறம் இனிஷியல். நேரம் போவது இதில்தான். வீட்டை விட்டு வந்தவளிடம் எடுத்த எடுப்பில் "அப்பா பேர் என்ன?" என்று கேட்கக் கூடாது. "இனிஷியல் என்ன போடட்டும்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். சிலர் அம்மாவின் எழுத்தைச் சொல்வார்கள். சிலர், தங்களை மகளாக ஏற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த திருநங்கையை, குருவை, பார்ப்பார்கள். ஒரு குருவே கேட்டார்: "ஏன் தம்பி, சோறு போட்டு வளத்தது நானு. என் எழுத்தப் போட்டா இன்னா?"

புதுப் பெயரோடு அவர் எழுத்தையும் சேர்த்தேன். உறவு என்று வரும்போதுதான் பேனா நிற்கிறது. 2019 சட்டம் யாரைத் திருநர் என்கிறது என்று பார்த்தால் கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா என்று பெயர் சொல்லியே அழைக்கிறது. இதில் ஹிஜ்ரா என்றாலே ஜமாத் என்கிற அவர்கள் கூட்டமும், குரு-சேலா என்கிற குரு-சீடர் முறையும் கூடவே வரும். அதே சட்டத்தில் குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து, அவ்வளவுதான். பெற்றோரும் நெருங்கிய குடும்பமும் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்லும் என்கிறது 12-வது பிரிவு. ஓடி வந்தவளுக்குப் புடவை கொடுத்து, ரீத்து என்னும் சடங்கு செய்து மகளாக்கிக்கொண்ட குருவுக்கு அதில் இடமே இல்லை. ஜமாத்தில் அபராதமும் அதட்டலும் உண்டு, தெரியும். ரத்த உறவில் மட்டும் இல்லையா என்ன?

சட்டத்துக்கு வழி திறந்ததில் ரத்த உறவில்லாத கூட்டங்களுக்கும் பங்குண்டு. திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்று 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பைப் புரட்டினால், கின்னர்களுக்காக மனுப் போட்ட பூஜ்ய மாதா நசீப் கௌர் ஜி மகளிர் நலச் சங்கத்தின் பெயர் இருக்கும். மறு ஆண்டு திருச்சி சிவா எம்.பி.யின் திருநர் உரிமைத் தனிநபர் மசோதா மாநிலங்களவையைத் தாண்டியது, மக்களவையில் நிறைவேறவில்லை. சங்கம் மனுதாரராக நீதிமன்றப் படியேறிவிட்டது. ஜமாத் இன்னும் யாருக்கும் உறவினர் ஆகவில்லை.

ஆனாலும் குரு இல்லாமல் மனு நகராது. தொடர்ந்து 12 மாதம் வசிக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காட்பாடிக்கும் சித்தூருக்குமாக ரயிலில் பிழைப்பவளுக்கு முகவரி என்றால் குருவின் வீடுதான். அவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைப்பேன். "இவள் என் மகள்னு எழுது" என்பார். எழுதினால் தத்துப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். "என் வீட்டில் வசிப்பவர்" என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.