தலை, வால்

அமீனுக்கு அழுகிய மீன் வாடை. பென்சைல் குளோரைடு கண்ணைக் கரிக்கும். இரண்டும் சேர்ந்து பிறக்கும் உப்புக்கு ஒரு வாசனையும் இல்லை.

வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்தேன். செய்யக் கூடாது. எல்லோரும் செய்கிறோம்.

அந்த உப்பு மூலக்கூறின் தலையில் நைட்ரஜன், நேர்மின்சுமை. வால் கார்பன் சங்கிலி. அதற்குத் தண்ணீர் ஆகாது.

வெறும் தண்ணீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதை அளக்கப் பிளாட்டின வளையத்தைத் தீயில் சிவக்கவிட்டு, ஆறவிட்டு, முக்க வேண்டும். விரல் பட்டால் அன்றைய கணக்கு போச்சு.

உப்பைச் சேர்க்கச் சேர்க்க இழுவிசைக் கோடு இறங்குகிறது. ஓரிடத்தில் படுத்துவிடுகிறது. அங்கிருந்து மைசெல்: வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று திரளும் உருண்டை.

படுப்பதற்கு முன் சின்னப் பள்ளம் விழுந்தால் சரக்கு சுத்தமில்லை.

இன்று பள்ளம்.

இதே இழுவிசையை வீட்டிலேயே அளந்தவர் ஆக்னஸ் போக்கெல்ஸ். பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு சமையலறை. தகரத் தொட்டி, குறுக்கே ஒரு பட்டை, பரப்பிலிருந்து தூக்கிப் பார்க்க ஒரு பொத்தான். கல்லூரிப் படிப்பு கிடையாது. இயற்பியலாளர் ராலேவுக்கு எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவருக்குப் பிளாட்டினம் ஏது?

டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு வகை: வாலில் 12 கார்பன் என்றால் மைசெல் 15 மில்லிமோலார் வாக்கில். 16 என்றால் 0.9.

நாலே நாலு கார்பன்.

காலையில் அந்த 16 பாட்டிலில் படிகம். ராத்திரி ஏசியை யாரும் அணைக்கவில்லை. வெந்நீரில் வைத்தேன், கரைந்தது.

இந்த உப்புகள் கிருமியைக் கொல்லும். வால் நீள நீளக் கூடுதலாகச் சாகும். ஓர் அளவு வரை. அதற்கப்புறம் நீட்டினால் வீரியம் இறங்கிவிடுகிறது. கரையாததால் என்கிறார் ஒருவர். சவ்வுக்குள் சரியாகப் பொருந்தாததால் என்கிறார் இன்னொருவர். டீ ஆறிவிட்டது.

கிருமியின் மேல்தோலுக்கு எதிர்மின்சுமை.

பெரும்பாலும் மைசெல் உண்டாவதற்கு வெகு முன்பே அது செத்துவிடுகிறது. கோடு படுக்கும் இடத்தைத் தேடி நான் ஒரு மாதம்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் சீக்கிரம் விழுந்தது. சூடோமோனாஸ் உள்ள குழாய் கலங்கலாகவே நிற்கிறது. அந்தக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு.

1935, ஜெர்மனி. இந்த உப்பு வகையான பென்சல்கோனியம் கிருமியைக் கொல்லும் என்று டோமாக் எழுதினார். அதே ஆண்டு பிரான்டோசில் என்ற மருந்தையும் வெளியிட்டார். நோபல் பிரான்டோசிலுக்கு.

தலைக்குப் போடும் கண்டிஷனரிலும் இந்த வகைதான். வேண்டுமென்றே ஷாம்பூவோடு கலந்து பார்த்தேன். திரிந்த பால் மாதிரி.

சோப்பை அலசாமல் இந்த உப்புக் கரைசலைத் தடவினால் இரண்டும் வீண்.

குடுவையை மூன்று தடவை கழுவியாயிற்று. இன்னும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. உப்பு கண்ணாடியையும் விடவில்லை.

பஞ்சு. கரைசலில் ஊறப் போட்டால் மருந்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் மிஞ்சுவது நீர்த்தது.

அப்படி ஊறிய பஞ்சில் சூடோமோனாஸ் வளர்ந்து நோயாளிகளுக்குத் தொற்றியிருக்கிறது.