கிட்டியின் விசை அறிந்த கைகள்

சம்பாப் பயிர் பொதி கட்டும் நாட்களில் தஞ்சாவூர், பாபநாசம், அம்மாபேட்டை பக்கத்து வயல்களில் வரப்போரம் குனிந்து பார்த்தால் எலிவெட்டு தெரியும். தூரின் அடியில் தண்டு கத்தியால் சீவினாற்போல் சாய்வாக அறுந்து கிடக்கும். கதிர் வெளியே வருமுன்பே நட்டம் முடிந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட தூர் மறுபடி கிளைத்தாலும் மற்றவற்றோடு சேர்ந்து விளையாது. இதற்குக் காவிரிப் படுகை நெடுநாளாக நம்பிவரும் கருவி கிட்டி. மூங்கில் வில், நாண், குறுக்குச் சட்டம், இரையை ஒட்டி நழுவத் தயாராக நிற்கும் சின்னக் குச்சி, அவ்வளவுதான். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் 'தஞ்சாவூர் கிட்டி' என்று ஊர்ப்பெயரோடே இடம்பெற்றிருக்கிறது. கருவியை எல்லோரும் மெச்சுகிறார்கள். அதற்கு முறுக்கேற்றி, இடம் பார்த்து வைப்பவரை மட்டும் கூலிப் பட்டியலின் கடைசியில் நிறுத்துகிறோம். நான் பார்த்தவரையில் எலியைப் பிடிப்பது அவருடைய கைக்கணக்கு. அந்தக் கணக்கு இல்லாதவர் வைத்தால் அதே கிட்டி வயலில் கிடக்கும் வெறும் மூங்கில்தான்.

அந்தக் கணக்கு என்ன என்பதை மாலை வெயில் தணிந்த பிறகு, வைக்கும்போதே பார்க்க வேண்டும். ஒவ்வொரு வில்லையும் முதலில் முழங்காலில் அழுத்தி வளைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு புறமும் ஒரே சீராக வளையாவிட்டால் தடித்த பக்கத்தைக் கத்தியால் மெல்லச் சீவுகிறார்கள். பிறகு நாணை இழுத்துவிட்டு, அது திரும்பும் வேகத்தைக் கையாலேயே அறிகிறார்கள். மூங்கிலுக்கு ஒரு குணம் உண்டு. வெகுநேரம் வளைத்தே வைத்தால் அந்த வளைவு அதில் படிந்துவிடும், நிமிரும் வேகம் குறையும். பனியில் நனைந்தாலும் தளரும். வேலை இல்லாத நேரத்தில் நாணை அவிழ்த்து வைப்பதும், மார்கழிப் பனியில் வழக்கத்தைவிடச் சற்று இறுக்கிக் கட்டுவதும் இதனால்தான். விசை குறைந்தால் கழுத்தில் அடிபட்ட எலி துடித்துத் தப்பிவிடும். மறுபடி அது கிட்டியை நெருங்குவது அரிது. விசை கூடினாலோ குச்சி சிறு காற்றுக்கே நழுவி, விடியும்போது வெறும் கிட்டி நிமிர்ந்து கிடக்கும்.

விசையை நம்பும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். திருவிழாவில் பலூன் சுடும் ஸ்பிரிங் ஏர்கன்னை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று ஈய ரவையைத் தள்ளுகிறது. ரவை குழலைவிட்டு வெளியேறுமுன்பே பிஸ்டனின் ஓட்டத்தால் துப்பாக்கி ஒருமுறை பின்னுக்கும் ஒருமுறை முன்னுக்கும் அதிர்ந்துவிடுகிறது. ஆகவே கனத்த ஸ்பிரிங்கைத் திணித்தால் வேகம் கொஞ்சம் கூடலாம், குறி கெடும். தேர்ந்த மெக்கானிக் ஸ்பிரிங்கின் முனைகளைச் சமன் செய்வார், தோல் வாஷரை மாற்றுவார், கிரீஸை அளவாகத் தடவுவார். ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் வருவதுதான் அவருக்கு முக்கியம். இந்தியாவில் 20 ஜூல் ஆற்றலையும் 4.5 மில்லிமீட்டர் குழல் அளவையும் தாண்டாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் அந்த வரம்பில் பாதிகூட வராது. அங்கும் வெல்வது சீரான விசைதான். கிட்டி கட்டுபவரின் கை செய்வதும் இதே வேலைதான். அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதால் திறமை இல்லை என்றாகிவிடாது.

விசை பாதி, இடம் பாதி. புதுமண் தள்ளிய வளை எது, கைவிட்ட வளை எது, வரப்பில் எந்தத் தடத்தில் நேற்றிரவு எலி ஓடியது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். வரப்பை ஒட்டி வளை தோண்டிக் கதிரைச் சேர்த்துவைக்கும் எலிக்கு ஓர் இடம், வயல் சுண்டெலிக்கு வேறு இடம். விடியற்காலையில் காக்கையும் நாயும் வருமுன் எடுத்துவிடவும் வேண்டும். "இத்தனை பாடு எதற்கு, ஒரு பொட்டலம் மருந்து போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், மருந்து மலிவு, ஆளும் குறைவு. ஆனால் துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையைத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடுவதில்லை. புரோமடையோலோன் தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். அதுவரை அது தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் சாரைப்பாம்புக்கும் நஞ்சு போய்ச் சேரும். எலியைத் தின்று வயலைக் காக்கும் உயிர்களையே அழித்துவிட்டு, அடுத்த போகத்துக்கு இன்னொரு பொட்டலம் வாங்குவது எனக்கு மலிவாகத் தெரியவில்லை. கிட்டி கொடுமையல்லவா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். விசை சரியாக இருந்தால் கழுத்தில் விழும் ஒரே அடியோடு முடிகிறது. நாட்கணக்கில் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாவதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: கிட்டி வைக்க ஆள் கிடைப்பதில்லை. உண்மை. ஆனால் அதற்குக் காரணம் நாம் கூலி கொடுக்கும் முறை. பல ஊர்களில் பிடித்த எலியை எண்ணித்தான் கூலி. அதனால் வெட்டு கண்ணில் பட்ட பிறகுதான் கிட்டிக்காரரைத் தேடுகிறார்கள். அதற்குள் ஓர் ஈடு குட்டி போட்டிருக்கும். எலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம்தான். நடவு முடிந்த கையோடு ஒரு பெண் எலியைப் பிடிப்பது அறுவடை நேரத்தில் பத்து எலியைப் பிடிப்பதற்குச் சமம். ஆனால் எண்ணிக்கைக் கூலியில் அந்த ஒன்றுக்கு ஒன்றின் விலைதான். ஒருவர் மட்டும் தன் வயலில் வைத்தாலும் பயனில்லை, பக்கத்து வயல் எலி வரப்பைத் தாண்டிவிடும்.

சம்பா, தாளடி நட்டிருக்கும் ஊர்கள் இந்தப் பருவத்திலேயே ஒன்றைச் செய்யலாம். ஒரே வாய்க்கால் பாசனத்தில் உள்ளவர்கள் சேர்ந்து, பயிர் பொதி கட்டுமுன்பே, எலிக்கணக்கு பாராமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கிட்டிக்காரரை அழையுங்கள். வேளாண் துறை எலி ஒழிப்புக்கு மருந்து வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இவர்களுடைய கூலிக்கும், இவர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களின் உதவித்தொகைக்கும் ஒதுக்க வேண்டும்.