நீர்பாய்ச்சியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால்

பேராண்டி, ரவுட்டருக்கு லினக்ஸா ஃப்ரீபிஎஸ்டியா என்று போன வாரம் உன் சிநேகிதனோடு மல்லுக்கு நின்றாயே, அன்றைக்கே சொல்ல நினைத்தேன்.

சித்தையன்கோட்டை வயலில் நடவு நேரத்து நீர்பாய்ச்சியைப் பார்த்திருக்கிறாய். பத்து வரப்பிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓடினால் அவர் மண்வெட்டியை எப்போது போடுவார்? வாய்க்கால் நிரம்பி உடைத்துக்கொண்டு போகும், வயல் காயும். ரவுட்டரில் ஓடும் கெர்னலுக்கும் அதே கதிதான். பாக்கெட் வரவர நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் கொடுத்துச் சிபியுவைக் கூப்பிடும். நெரிசல் ஏறினால் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லியே சிபியு தீர்ந்துபோகும். ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. ஜெஃப்ரி மொகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996லேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். கூப்பாட்டை நிறுத்திவைத்துவிட்டு, கெர்னலே போய்ப் பாக்கெட்டுகளைக் குவியலாக அள்ளிவர வேண்டும். லினக்ஸின் நாப்பியும், ஃப்ரீபிஎஸ்டியில் லூய்ஜி ரிஸ்ஸோ கொண்டுவந்த போலிங்கும் இந்த வழிதான்.

நானும் அப்போது லினக்ஸ் கட்சி. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. ஸ்லாமர் என்ற கணினிப் புழு கண்ட முகவரிக்கெல்லாம் 404 பைட் பாக்கெட்டுகளை வாரி இறைத்தது. சென்னையில் நான் பார்த்துக்கொண்ட ரவுட்டர் பெட்டி கீபோர்டுக்குக்கூட அசையவில்லை. கோபத்தில் ஃப்ரீபிஎஸ்டிக்கு மாறினேன். போலிங்கைப் போடாமல் சோதித்தேன். சின்னப் பாக்கெட் குவிந்ததும் அதுவும் படுத்துவிட்டது.

தவறு என் அளவுகோலில் இருந்தது. பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்து, மெகாபிட்டை எண்ணித் திருப்தி அடைந்திருந்தேன். 100 மெகாபிட் லைனில் 1500 பைட் பாக்கெட் என்றால் நொடிக்கு எட்டாயிரம் சொச்சம்தான் போகும். 64 பைட் என்றால் 1,48,800. ரவுட்டருக்குப் பாரம் பாக்கெட்டின் எண்ணிக்கை, எடை அல்ல. உன் காலத்து 10 கிகாபிட் லைனில் அதே 64 பைட் பாக்கெட் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம். ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோசெகண்ட்தான் கிடைக்கும்.

யாராவது ஒப்பீடு காட்டினால், எந்தப் பதிப்பு என்பதையும் கேட்டுக்கொள். புதுப்புது முகவரிகள் வந்தால் திணறிய பழைய ரூட் கேஷை லினக்ஸ் 3.6இல், 2012ல், எடுத்தே விட்டார்கள். அதற்கு முந்தைய ஒப்பீட்டைக் காட்டி இன்றைக்கு நீ வாதாடினால், எனக்கு மனசு வலிக்கும்.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு கம்ப்யூட்டரை எடுத்து வா. ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி, இரண்டிலும் ஒரே கார்டு. திண்ணையிலேயே வைத்து 64 பைட்டிலிருந்து ஆரம்பிப்போம்.