தெற்கே ஒரு பிள்ளை

ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் தெற்கே திருமுகம் வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். விபீஷணனுக்கு இரங்கி இலங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பார்வையை இலங்கையோடு நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போனால் எங்கே போய் முட்டும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவள் எதிர்வீட்டு மாமி.

மாமியின் பிள்ளைக்கு வானிலை இலாகாவில் உத்தியோகம். சில வருஷங்களுக்கு முன்பு, அண்டார்க்டிகாவில் நம் தேசத்து ‘பாரதி’ நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கப் போகும் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். தேசப்படத்தை விரித்து மாமிக்குக் காட்டினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால், அது இலங்கைக்கு மேற்கே கடலில் இறங்குகிறது. அப்புறம் ஒரே தண்ணீர். ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் போய்ப் பனிக்கரையைத் தொடுகிற இடத்துக்குச் சற்று மேற்கே பாரதி.

“அப்போ பெருமாள் பார்வையிலேதான் இருக்கப் போறான்” என்றாள் மாமி.

ஆனால் மே மாதக் கடைசியில் அங்கே மறைகிற சூரியன் ஜூலை நடுவில்தான் மறுபடி தலைகாட்டும் என்று சொன்னதும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. “சூரியனே வராத ஊரிலே சந்தியாவந்தனம் எப்போடா பண்ணுவே?” என்று பிள்ளையைக் கேட்டாள்.

“சூரியன் வர ஊரிலே மட்டும் தவறாமப் பண்ணிண்டிருக்கானாக்கும்!” என்றார் மாமா.

மாமா பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் கணக்கு எழுதி ரிடையரானவர். எதையும் கால அட்டவணை போட்டுத்தான் பார்ப்பார். பிள்ளை புறப்படுவதற்கு முதல் நாள், அம்மா மண்டபப் படித்துறையில் என்னையும் வைத்துக்கொண்டு சொன்னார்: “மார்ச் வாக்கிலே கடைசிக் கப்பல் போயிட்டா, நவம்பர் வரைக்கும் வண்டி கிடையாது. நடுவிலே எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ தவிக்காதே. அண்ணா பிள்ளை இருக்கான், காரியத்தைப் பார்த்துப்பான்.”

பெற்றோருக்குக் காரியம் செய்வதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இறங்குகிற படித்துறை அது. அங்கே நின்று ஒரு தகப்பனார் தம் பிள்ளைக்கு விடுதலை கொடுத்தார்.

மாமா மிகைப்படுத்தவில்லை. 1961-ல், அந்தக் கண்டத்து சோவியத் நிலையம் ஒன்றில் குளிர்காலம் தங்கியிருந்த ரோகசோவ் என்ற டாக்டருக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. இருந்த டாக்டர் அவர் ஒருவர்தான். விமானமும் வர வழியில்லை. தம் வயிற்றைத் தாமே கீறி அறுவை செய்துகொண்டார். பிழைத்தும் எழுந்தார்.

பாரதி 2012-ல் திறக்கப்பட்டது. 134 கப்பல் சரக்குப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய வீடு. குளிர்காலத்தில் இருபது சொச்சம் பேர். 2016 நவம்பரில் போன குழுவின் 23 பேரில் மங்களா மணி என்ற இஸ்ரோ அம்மையார் ஒருவர்தான் பெண். ஐம்பத்தாறு வயதில் 403 நாள் இருந்துவிட்டு வந்தார்.

அங்கே குளிரைவிடப் பெரிய சத்துரு, பொழுது விடியாததுதானாம். தூக்கம் இடம் மாறிவிடும். பனிப்புயல் அடித்தால் நாள்கணக்கில் கதவைத் திறக்க முடியாது. ஆகவே பொழுதை இவர்களே கையால் செய்துகொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் காற்றையும் வெப்பத்தையும் அளந்து எழுதுவது, ஜெனரேட்டரைப் பார்ப்பது, கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டிய குப்பையைப் பிரித்துக் கட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சமையலறை முறை. தலைவரானாலும் சரி, விஞ்ஞானியானாலும் சரி, முறை வந்தால் பாத்திரம் தேய்த்தாக வேண்டும்.

ஆனி மாதம் ஜ்யேஷ்டாபிஷேகத்துக்கு முந்தின நாள் மாமாவுக்கு மார்வலி வந்தது. திருச்சிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணி எடுக்க மாமியை நான் வீட்டுக்கு அழைத்து வந்தபோது இரவு பத்து மணி. டெலிபோன் மணி அடித்தது. பிள்ளைதான்.

மாமி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அப்பாவா? கோவிலுக்குப் போயிருக்கார்டா” என்றாள், குரல் பிசகாமல்.

அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை. பிறகு, “சரிம்மா, நாளைக்கு எனக்குச் சமையலறை முறை. சீக்கிரம் படுத்துக்கணும்” என்று வைத்துவிட்டான்.

மாமா பிழைத்துக்கொண்டார். பத்தாம் நாள் அவரே பிள்ளையுடன் பேசினார். இருவரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஒருநாள் சாயங்காலம் அவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். “அன்னிக்கே தெரியும் மாமா. ராத்திரி பத்து மணிக்கு எந்த நடை திறந்திருக்கும்? அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.”

“ஏன் கேட்கவில்லை?”

“கேட்டிருந்தா அம்மா அழுதிருப்பா. நான் எதிலே ஏறி வருவேன்? மறுநாள் முறைக்குப் போனேன். ஒரு கூடை வெங்காயத்தை எடுத்து முன்னாலே வெச்சுண்டேன். ஏன் அழறேன்னு ஒருத்தரும் கேக்கல்லே.”

வீட்டில் வெங்காயமே சேர்க்காத குடும்பத்துப் பிள்ளை.

எதிர்வீட்டிலிருந்து மாமாவின் குரல் கேட்டது: “சந்தியாவந்தனம் ஆச்சாடா?”

“ஆச்சுப்பா” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவன் எழுந்து கைகால் அலம்பப் போனான். மேற்கே சூரியன் இன்னும் மறையவில்லை.