பெயரைத் துறந்த இடம்

ஆற்காட்டுக்குத் தெற்கே, இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது கலவை. காஞ்சி காமகோடி பீடத்தின் 66-ஆவது ஆசாரியரும், அவருக்குப்பின் பீடமேறிச் சில நாட்களிலேயே மறைந்த 67-ஆவது ஆசாரியரும் சித்தியடைந்த திருத்தலம் இது. இருவருடைய அதிஷ்டானங்களும் இங்கு உள்ளன. 1907-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், திண்டிவனத்தில் பள்ளியில் பயின்று வந்த சுவாமிநாதன் என்னும் சிறுவன் இவ்வூரில்தான் சந்நியாசம் ஏற்றான். பதின்மூன்று வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளையே பின்னாளில் உலகம் போற்றிய மகாபெரியவர்.

இவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பௌர்ணமிதோறும் ஊர்க் கோவிலில் அன்னதானம் செய்வித்து வந்தார். நல்ல மனிதர், பசித்தவரைக் கண்டால் பொறுக்க மாட்டார். எனினும், பூஜை முடிந்ததும் ஒலிபெருக்கியில் உபயதாரர் பெயர் சொல்லப்படும் கணத்தில் அவர் முதுகு சற்றே நிமிரும். அதை அவர் அறியார். அவருடைய மனைவி அறிவார்.

ஒரு பௌர்ணமியன்று அந்தப் பெயர் விடுபட்டுப் போயிற்று. வேறொருவருக்கு முதல் மரியாதையும் கிடைத்தது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். அடுத்த பௌர்ணமிக்குப் பணம் அனுப்பவில்லை.

அந்த வீட்டின் சமையலறையில் ஒரு தகர டப்பா உண்டு. நாள்தோறும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டிக் கோவிலில் சமைத்து, இறைவனுக்கு நிவேதித்து எளியோர்க்கு வழங்குமாறு மகாபெரியவர் வகுத்த ‘பிடி அரிசித் திட்ட’த்தை அந்த அம்மையார் பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தார். அன்று கணவரிடம் எதுவும் கேளாமல், டப்பாவைச் சுமந்துகொண்டு மடைப்பள்ளிக்குச் சென்றார்.

மாலையில் திண்ணையில் அமர்ந்திருந்த ஆசிரியரின் முன்னால், பௌர்ணமி தவறாமல் கோவிலுக்கு வரும் மூதாட்டி ஒருத்தி கையில் தூக்குவாளியுடன் நடந்து சென்றாள். “இன்றைக்குச் சோறு இல்லை என்றார்கள். வெறும் வயிற்றோடுதான் படுக்க வேண்டும் என்று இருந்தேன், ஐயா. அம்பாள் எப்படியோ படியளந்துவிட்டாள்” என்றாள்.

இத்தனை காலமும் தாம் அளித்த சோற்றை உண்டவள் தம்மை நினைத்ததே இல்லை என்பது முதலில் அவரைச் சுட்டது. தம் கோபத்தின் விலை இந்தக் கிழவியின் ஒரு வேளைச் சோறு என்பது அதைவிட ஆழமாகச் சுட்டது. பெயரை விட்டவர்கள் கோவிலார். தண்டனையோ, அவர்கள் யாரென்றே அறியாதவளுக்கு!

மறுநாள் விடியற்காலை அவர் அதிஷ்டானத்துக்குச் சென்று அமர்ந்தார். கலவை நோக்கி வந்த வண்டியிலேயே, இனி வீடு திரும்புதல் இல்லை என்று அறிந்து, “ராம, ராம” என்று ஜபித்தபடி வந்த சிறுவனை நினைத்தார். பெற்றோர் வைத்த பெயரையும் அவன் இங்கேயே விட்டான். அதன்பின் அவன் தாங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி என்னும் திருநாமம், இங்கே அடங்கிய பரமகுருவின் திருநாமமே. திங்களூரில் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் தம் பெயரை இடாமல் திருநாவுக்கரசர் பெயரை இட்ட அப்பூதியடிகளும் நினைவுக்கு வந்தார். ஒருவர் பெயரைத் துறந்த மண்ணில் அமர்ந்துகொண்டு, ஒலிபெருக்கியில் தம் பெயர் ஒலிக்காததற்கு வருந்தியதை எண்ணி அவர் கண் கலங்கினார்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்பே பணத்தைச் செலுத்தி, “பெயர் சொல்ல வேண்டாம்” என்றார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னார். மாலையில் வந்த நண்பரிடமும் சொன்னார். அவர் போனதும் அம்மையார் சிரித்தபடி, “பெயர் வேண்டாம் என்ற பெயர் மட்டும் வேண்டுமோ?” என்றார்.

ஆசிரியரும் வாய்விட்டுச் சிரித்தார். அகந்தை வாசல் வழியே வெளியேறி, கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது! அதை ஒரே நாளில் வென்றுவிட முடியாது. வரும்போதெல்லாம் கண்டுகொண்டால் போதும். அதுவரை அறத்தை நிறுத்தலாகாது. மனம் தூய்மையாகும்வரை பசி காத்திராது.

இப்போதெல்லாம் உலை வைக்கும் முன் அவரும் சமையலறைக்குச் செல்கிறார். டப்பாவில் மனைவி இட்ட பிடி எது, தாம் இட்ட பிடி எது என்று பிரித்தறிய முடிவதில்லை. அந்த அரிசியைப் போல அவர் மனமும் மெல்ல மெல்லப் பழகி வருகிறது.