மழைக்கு விடும் வாணம்

தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதி வானம் பார்த்த பூமி. மே மாதத்தில், நடவுக்கு முன்பாக, மழைத்தேவன் பயா தேனுக்கு நினைவூட்டும்பொருட்டு, வெடியுப்பும் கரியும் இடித்து அடைத்த பெரிய வாணங்களை உழவர் விண்ணில் ஏவுகின்றனர். ‘புன் பாங் ஃபாய்’ என்னும் இவ்விழா யசோதோன் நகரில் பெரும் புகழுடையது.

சிற்றூர்க் குடும்பம் ஒன்று தானே எடுத்த விழா வீடியோவைக் கண்டேன். வாணம் சீறியெழுந்ததும் படம் ஆடுகிறது. பின்னர் வெறும் வானமும் கூச்சலுமே. எழும்பாத வாணத்தைச் செய்தவரைச் சேற்றில் தள்ளுகின்றனர். முதலில் சிரிப்பவரும் அவரே! ஆயினும் படமெடுத்தவர் நெடுநேரம் நிலைத்து நின்றது, நிழலில் கைவீசி ஆடும் மூதாட்டியரிடந்தான். பாங்காக்கில் கூலிவேலை செய்யும் பிள்ளைகள் காண விரும்புவது வேறென்ன? அவர்களுள் ஒருத்தி படக்கருவியை நோக்கி, ‘சாப்பிட்டாயா?’ என்று சைகையால் கேட்கிறாள்.